குடும்பக் கம்பெனியில் பேருக்குத்தான் டைரக்டர். வறட்சி, பூச்சி என்று நஷ்டம் வந்தால் சட்டப்படி நானும் பொறுப்பா?

கையெழுத்துக்காக உங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி வந்தவள்தான். ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி மில், பிரைவேட் லிமிடெட். அப்பா போன பிறகு அவர் இடத்தில் என் பெயர். "நீ சும்மா கையெழுத்துப் போடு சாமி, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார் சித்தப்பா.

சட்டத்தில் 'சும்மா டைரக்டர்' கிடையாது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 166ஆம் பிரிவு, பங்குதாரர், தொழிலாளி, ஊர் நலனோடு சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் டைரக்டரின் கடமையில் சேர்த்திருக்கிறது. 2021இல் கானமயில் என்ற அழிந்துவரும் பறவையைக் காப்பாற்றப் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைச் சுட்டிக்காட்டியது. உரிய அக்கறையோடு, சொந்த யோசனையோடு முடிவெடுக்க வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். மீறினால் 1 லட்சம் முதல் 5 லட்சம் வரை அபராதம். மழை பெய்யாததற்கு யாரும் உங்களைப் பிடிக்க மாட்டார்கள். ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தும் பேசாமல் இருந்தீர்களா என்றுதான் கேட்பார்கள்.

எங்களுக்கு அது மாவுப்பூச்சியாக வந்தது. ஜவ்வரிசிக்கு மரவள்ளிக் கிழங்குதான் மூலப்பொருள். 2020க்குப் பிறகு மரவள்ளிக் காட்டில் எங்கே பார்த்தாலும் குருத்து சுருண்டு, முட்டைக்கோஸ் மாதிரி குவிந்து நிற்கும். பிரித்தால் உள்ளே வெள்ளை மாவு. வரும் லோடும் குறைவு, வந்த கிழங்கில் பாயிண்டும், அதாவது மாவுச்சத்தும், இல்லை. அந்த நேரத்தில் புது மெஷினுக்குக் கடன் வாங்க மீட்டிங் போட்டார்கள். "பூச்சி விவசாயி தலைவலி, நாமக்கல்லில் இருந்து கிழங்கு வரும்" என்றார் சித்தப்பா. அங்கேயும் அதே பூச்சிதானே என்றேன். கிழங்கு வரத்து, போர்வெல் தண்ணீர் இரண்டையும் பார்த்துவிட்டுக் கடன் வாங்கலாம் என்று நான் சொன்னதை மினிட்ஸில், அதாவது மீட்டிங் பதிவேட்டில், ஏற்றச் சொன்னேன். "இதெல்லாம் எழுத மாட்டாங்க மேடம்" என்று ஆடிட்டர் சிரித்தார். எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். கடனை வாங்கத்தான் செய்தார்கள். ஆனால் என் மறுப்பு புத்தகத்தில் இருக்கிறது.

2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில், மாவுப்பூச்சியை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியை விட்டார்கள். பூச்சி குறைந்ததும் "பாத்தியா, தானா சரியாப் போச்சு" என்றார் சித்தப்பா. தானாகவாம்! ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்த குளவி அது.

நான் வக்கீல் இல்லை. 'சின்ன கம்பெனிக்கு இதெல்லாம் பொருந்தாது' என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி கேட்கும் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை பங்குச்சந்தையில் உள்ள முதல் 1000 கம்பெனிகளுக்குத்தான், சரி. சின்ன கம்பெனிக்கு டைரக்டர்கள் வருஷா வருஷம் தரும் போர்டு அறிக்கையும் சுருக்கம்தான். 166 எல்லோருக்கும் உண்டு. கழிவுநீர் விவகாரம் தனி. டைரக்டரின் அலட்சியத்தால் மாசு நடந்தது என்று நிரூபித்தால் 1974 தண்ணீர்ச் சட்டப்படி அவர் மேலும் வழக்கு வரும்.

இவ்வளவு பார்த்துத் தொழில் செய்தும், ஜவ்வரிசியைக் காலால் மிதித்துச் செய்கிறார்கள் என்று வாட்ஸாப்பில் ஒரு வீடியோ வருஷா வருஷம் சுற்றுகிறது. என் சொந்த நாத்தனாரே அனுப்புகிறார். என்ன சொல்ல!

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த கையெழுத்துக்கு முன்னால் பழைய மினிட்ஸைக் கேளுங்கள். வாயால் கேட்காதீர்கள், இமெயிலில் கேளுங்கள், தேதியோடு நிற்கும்.