துதி ஆராதனை: கடலூர், புதுவையிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

மஞ்சக்குப்பம் சகோதரி: ஐயா, தனியாகத் துதிக்க உட்கார்ந்தால் இரண்டு நிமிஷத்தில் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொன்னதையே சொல்கிறேன். என்ன செய்வது?

எதற்காகத் துதிக்கிறோம் என்று கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்தால் எல்லாருக்கும் இதுதான் நடக்கும். 103-ம் சங்கீதத்தைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள் சகோதரி. "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று தாவீது தன் ஆத்துமாவுக்கே சொல்லிவிட்டு, 3 முதல் 5 வரையுள்ள வசனங்களில் அவற்றை எண்ணுகிறார்: மன்னிப்பு, சுகம், அழிவிலிருந்து மீட்பு, கிருபையும் இரக்கமுமான முடிசூட்டு, நன்மையால் திருப்தி. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிஷம் கொடுங்கள். அது உங்கள் வாழ்க்கையில் எங்கே, எப்போது, யார் மூலமாக நடந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். "சுகம் தந்தீர், ஸ்தோத்திரம்" என்பதோடு நிறுத்தாமல், "ஜிப்மரில் பையனுக்கு ஆபரேஷன் ஆன ராத்திரி காய்ச்சலை இறக்கினீரே, அதற்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிப் பாருங்கள். கால் மணி நேரம் போனதே தெரியாது. பிறகு 8 முதல் 13 வரை வாசியுங்கள். அங்கே தாவீது செயல்களைவிட்டு, கர்த்தர் எப்படிப்பட்டவர் என்பதற்குப் போகிறார்: உருக்கம், நீடிய சாந்தம், தகப்பனுடைய இரக்கம்.

பலருக்குப் பாதியிலேயே துதி விண்ணப்பமாக மாறிவிடும். "சுகம் தந்தீர், இன்னும் தாரும்" என்று தொடங்கினால் மனம் உடனே பிரச்சினைக்குப் போய்விடும். பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் இருக்கட்டும். நினைவுக்கு வரும் விண்ணப்பத்தை எழுதி வைத்துவிட்டுத் துதியைத் தொடருங்கள். முடித்தபின் அந்தத் தாளை எடுத்து ஜெபியுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் தம்பி: தினமும் ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்கிறேன். பலன் உண்டா அண்ணா?

அரை மணி நேரத்தில் ஆயிரம் என்றால் ஒன்றுக்கு இரண்டு வினாடிகூட இல்லை தம்பி. அந்த வேகத்தில் மனம் எதையும் பற்றிக்கொள்ளாது. வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று ஆண்டவர் சொன்னது (மத்தேயு 6:7) இதற்கும் பொருந்தும். "ஆயிரம் ஸ்தோத்திரம்" புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டாம், அதில் தேவனுடைய நாமங்களும் குணங்களும் நிறைய இருக்கின்றன. ஒரு நாளைக்கு 33, 34 என்று பிரித்து, ஒவ்வொன்றும் வேதத்தில் எங்கே வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் முடியும்.

பாகூர் சகோதரர்: யூதாவின் ராஜா யோசபாத் யுத்தத்தில் பாடகரை முன்னால் நிறுத்தி ஜெயித்தாரே. அதேபோல விடாமல் துதித்தால் என் கடன் தீருமா?

2 நாளாகமம் 20-ஐ முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். 3-ல் உபவாசம். 12-ல் "நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை" என்று கைவிரித்து ஜெபிக்கிறார். 15-ல் இந்த யுத்தம் உங்களுடையதல்ல என்ற வாக்கு யகாசியேல் என்ற லேவியன் மூலம் வருகிறது. பாடகர் வருவது 21-ல்தான். அதாவது, கர்த்தர் பேசிவிட்டார், ஜனங்கள் அதை நம்பினார்கள், நம்பினதால் பாடினார்கள். தேவனை அசைக்க அவர்கள் பாடவில்லை. இந்த வரிசையை விட்டுவிட்டுப் பிரசங்கிப்பதால்தான், துதித்தும் நடக்கவில்லையே என்று பலர் சோர்ந்துபோகிறார்கள்.

உங்கள் கடன் தள்ளுபடியாகும் என்று வேதத்தில் வாக்கு இல்லை. "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்ற வாக்கு இருக்கிறது (எபிரெயர் 13:5). அதற்காகத் துதியுங்கள். துதித்து எழுந்தபின் யாருக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று நோட்டில் எழுதி, வட்டி அதிகமுள்ளதை முதலில் அடைக்கப் பாருங்கள். பயத்தில் இருப்பவர்தான் ஒரு கடனை அடைக்க இன்னொரு கந்துவட்டிக்குப் போவார்.

பிலிப்பி சிறையையும் பாருங்கள் (அப்போஸ்தலர் 16). பவுலும் சீலாவும் பாடும்போது கால்கள் தொழுமரத்தில் (கால்களை மாட்டிப் பூட்டும் கட்டையில்) இருந்தன. பூமி அதிர்ந்து கதவு திறந்தபின்னும் அவர்கள் ஓடவில்லை. "நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்" என்று சத்தமிட்டு, கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்துத் தற்கொலைக்குத் துணிந்த சிறைச்சாலைக்காரனின் உயிரைக் காப்பாற்றினார்கள். துதியின் வல்லமையை நான் கதவு திறந்ததைவிட இந்த இடத்தில்தான் அதிகமாகக் காண்கிறேன்.

தென்பெண்ணைக் கரை, கடலூர்: 2024 ஃபெஞ்சல் வெள்ளத்தில் வீட்டுச் சாமானெல்லாம் போய்விட்டது. அப்போதும் துதித்திருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு வாய் வரவில்லை ஐயா. பாவமா?

பாவமில்லை அம்மா. 13-ம் சங்கீதத்தில் மொத்தமே ஆறு வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று தாவீது நான்கு தடவை கேட்கிறார், அடுத்த இரண்டில் மன்றாடுகிறார், கடைசி இரண்டில்தான் துதி வருகிறது. 88-ம் சங்கீதம் துதிக்குத் திரும்பாமலே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. நீங்கள் எந்த வசனத்தில் நிற்கிறீர்களோ அதையே ஆண்டவரிடம் வாசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் பாடட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், போதும். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லையென்றால் டாக்டரைப் பாருங்கள். சபையாருக்கும் ஒன்று: சேறு காயாத வீட்டில் நின்று துதிக்கச் சொல்லாதீர்கள், முதலில் அந்தச் சேற்றைக் கூட இருந்து அள்ளுங்கள்.

புதுவை, கத்தோலிக்கச் சகோதரி: தவக்காலத்தில் அல்லேலூயா இல்லை. அப்படியென்றால் புகழ்ச்சியே கூடாதா?

அது திருவழிபாட்டுக்கான ஒழுங்கு. திருநீற்றுப் புதன் முதல் பாஸ்கா திருவிழிப்பு வரை அல்லேலூயா பாடுவதில்லை. தவக்கால ஞாயிறுகளில் "உன்னதங்களிலே" கீதமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பலியிலும் "தூயவர்" பாடுகிறீர்களே, அது புகழ்ச்சிதான். வீட்டில் திருப்பாடல்களைச் சொல்லிப் புகழத் தடையே இல்லை.

முதலியார்பேட்டை தம்பி: ஆராதனை நடத்துகிறேன். நாங்கள் மட்டும் பாடுகிறோம், சபை பார்த்துக்கொண்டு நிற்கிறது.

முதலில் ஸ்கேலைப் பாருங்கள். ரெக்கார்டிங்கில் பாடகர் எடுத்த ஸ்கேலிலேயே பாடினால் சாதாரணக் குரல் எட்டாது. பாட்டின் உச்ச சுரம் மேல் டி-யைத் தாண்டாதபடி இறக்குங்கள். புதுப் பாட்டு மாதத்துக்கு ஒன்று போதும், அதையும் மூன்று வாரம் தொடர்ந்து பாடுங்கள். திரையில் ஒரு தடவைக்கு நான்கு வரிக்குமேல் வேண்டாம். கடைசிச் சரணத்தில் டிரம்ஸையும் கீபோர்டையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். சபையின் சத்தம் உங்கள் காதில் விழவில்லை என்றால் மைக் சத்தம் அதிகம்.

அதே தம்பி: முழு இரவு ஜெபத்தில் ஒலிபெருக்கி வைக்கலாமா?

இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே கேட்கும்படி வைக்கச் சட்டம் இடம் தராது. பகலிலும் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல்தான் வரம்பு. பாடல்களை 9.30-க்குள் முடித்து, மீதி நேரம் மைக் இல்லாமல் ஜெபியுங்கள்.