நீலப்புகை வந்தால் ரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

ஸ்ப்ளெண்டர் பைக்கில் நீலப்புகை (இன்ஜின் ஆயில் எரிவதால் வருவது), பிஸ்டன் ரிங் மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிஸ்டன் ஓடும் சிலிண்டர் பிளாக்கைக் கழற்றி அளக்காமல் சொல்ல முடியாது. வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் போனாலும் இதே புகைதான்.

சிலிண்டரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் தடவுங்கள். படிபோலத் தட்டினால் தேய்ந்திருக்கிறது. அப்புறம் சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜை வைத்து மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும், பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) நீளும் திசையிலும் அதற்குக் குறுக்கேயும் அளக்க வேண்டும். குறுக்கேதான் பிஸ்டன் சுவரை அழுத்தும். அங்கேதான் அதிகம் தேயும். புதிதில் 50 மி.மீ. இருந்த போர் (உள்விட்டம்) கையேட்டு வரம்பைத் தாண்டியிருந்தால் புது ரிங் வீண்செலவு. 0.25 மி.மீ. பெரிதான ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கடைசல்காரர் கையில் கொடுத்தே, அதன் அளவுக்குச் சிலிண்டரைக் கடைந்து போர் போடச் சொல்லுங்கள்.

பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் வளையமான பழைய சர்க்கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள். மாட்டும்போது சிலிண்டருக்குக் கீழே உள்ள இன்ஜின் கூடான கிராங்க்கேஸின் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். கிளிப் தெறித்து உள்ளே விழுந்தால் முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டிவரும்.