தோட்ட நிறுவனம் ‘சமூக உள்ளிணைப்பு’க்கு உதவுகிறது என்றால் என்ன அர்த்தம்?

மாற்றுத்திறனாளிகள், நெடுநாளாக வேலை கிடைக்காதவர்கள் போன்று ஒதுங்கி நிற்க நேர்ந்தவர்களையும் வேலையில் சேர்த்துக்கொள்வதுதான் அது. தொண்டு அமைப்புகளுக்குப் பணமோ நாற்றோ தருவதும் நல்லதே. ஆனால் என் பார்வையில் வேலை தருவதுதான் பெரிய உதவி.

சரி, தோட்டவேலை ஏன் இதற்குப் பொருந்துகிறது? அதைச் சிறு சிறு வேலைகளாகப் பிரிக்க முடியும். வீட்டுச் சமையலில் ஒருவர் நறுக்க, ஒருவர் கிளற, குழந்தை தட்டு எடுத்துவைப்பது போல, இங்கே ஒருவர் நாற்று வளர்க்கும் குழித்தட்டில் மண் நிரப்புவார், இன்னொருவர் விதை ஊன்றுவார். பாத்தியைச் சுமார் 60 செ.மீ. உயர்த்திக் கட்டினால், சக்கர நாற்காலியில் இருப்பவர் குனியாமலே களை எடுக்கலாம்.

இதைப் பலர் தர்மம் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல, முறையான பயிற்சியும் மற்றவர்களுக்கு இணையான சம்பளமும் இருக்க வேண்டிய வேலை இது.