விளம்பரத்துல கேக்காத பி.எச்.டிய இப்ப கேக்குறாங்க, கோர்ட்டுக்கு போலாமா?

கேள்வி: பி.டெக், எம்.டெக் ரெண்டுமே பெட்ரோலியம் இன்ஜினியரிங் தான் சார், எம்.டெக்ல ஃபர்ஸ்ட் கிளாஸ். காவிரிப் படுகைல எண்ணெய்க் கிணறு தோண்டுற ரிக்ல மட் இன்ஜினியரா (துளை போடறப்ப உள்ள விடுற சேறு மாதிரி திரவத்த பாத்துக்கற வேலை) ஒன்பது வருஷம் இருந்தேன். ஒரு அரசு பல்கலைக்கழகத்துல அசிஸ்டன்ட் புரொபசர் போஸ்டுக்கு அப்ளை பண்ணேன். விளம்பரத்துல எம்.டெக் தகுதின்னு தான் இருந்துச்சு. இப்ப வந்த லிஸ்ட்ல என் பேருக்கு நேரா "பி.எச்.டி இல்லை, நிராகரிப்பு"ன்னு போட்டிருக்காங்க. இன்டர்வியூக்கு மூணு வாரம் தான் இருக்கு. இவ்வளவு அனுபவம் இருக்கறதால கேஸ் போட்டா ஜெயிக்குமா?

பதில்: கேஸ் போடலாம், ஆனா அனுபவத்த முன்னாடி வெச்சு போடாதீங்க. உங்களுக்கு ரிக் அனுபவம் இருக்கு, இன்னொருத்தருக்கு பேப்பர் பப்ளிஷ் பண்ணிருக்கு, இதுல யாரு பெட்டர்னு ஹைகோர்ட் பாக்காது, அது செலக்‌ஷன் கமிட்டியோட வேலை. கோர்ட் பாக்கறது ஒன்னே ஒன்னு தான், விளம்பரத்துல என்ன தகுதி சொன்னாங்க, அத நடுவுல மாத்துனாங்களா இல்லையா.

இந்த விஷயத்துல சட்டம் உங்க பக்கம் நல்லாவே இருக்கு. தேஜ் பிரகாஷ் பாதக் வழக்குல 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதி அமர்வு, ஆள் எடுக்கற வேலை தொடங்கினப்புறம், விதிகளோ விளம்பரமோ இடம் கொடுக்காத வரைக்கும், தகுதிய நடுவுல மாத்தக்கூடாதுன்னு தெளிவா சொல்லிடுச்சு. தொழில்நுட்பக் கல்விய கண்காணிக்கற ஏ.ஐ.சி.டி.இ-யோட 2019 விதிப்படியும் இந்த போஸ்டுக்கு பி.இ, எம்.இ ரெண்டும் சம்பந்தப்பட்ட பிரிவுல இருந்து, ஏதாவது ஒன்னுல ஃபர்ஸ்ட் கிளாஸ் இருந்தா போதும், பி.எச்.டி அசோசியேட் புரொபசர்ல இருந்து தான். ஆனா இத மட்டும் நம்பி இறங்காதீங்க, பல்கலைக்கழகத்துக்கு ஏ.ஐ.சி.டி.இ முன் அனுமதி தேவையில்லன்னு 2001-ல பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்குலயே தீர்ப்பு வந்திருக்கு, ஏ.ஐ.சி.டி.இ விதி எங்கள கட்டுப்படுத்தாதுன்னு பல்கலைக்கழகம் அத எடுத்து நீட்டும். அதனால உங்க முதல் ஆதாரம் அவங்களே போட்ட விளம்பரம் தான். பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யு.ஜி.சி, பி.எச்.டி கட்டாயம்னு சொல்லுச்சேன்னும் சிலர் சொல்வாங்க, அத யு.ஜி.சியே 2023-ல எடுத்துடுச்சு.

இனிமே தான் சிக்கலே. அவங்க வக்கீல் எழுந்து "நாங்க தகுதிய மாத்தல மை லார்ட், அப்ளிகேஷன் நிறைய வந்துச்சு, அதனால ஷார்ட்லிஸ்ட் பண்ணோம்"னு சொல்வாரு. இது சாதாரண வாதம் இல்ல. 1994-ல நவ்நீத் குமார் போத்தார் வழக்குல அஞ்சு வருஷ வக்கீல் அனுபவம் போதும்னு விளம்பரம் பண்ணிட்டு, ஏழரை வருஷம் இருந்தவங்கள மட்டும் இன்டர்வியூக்கு கூப்பிட்டத சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கிச்சு. ஆனா உங்க லிஸ்ட்ல இருக்கற வார்த்தைய நல்லா பாருங்க, "ஷார்ட்லிஸ்ட் ஆகல"ன்னு இல்ல, "பி.எச்.டி இல்லை, நிராகரிப்பு"ன்னு இருக்கு, அதாவது தகுதியே இல்லாத ஆளா உங்கள தள்ளிருக்காங்க. இன்னொன்னு, பெட்ரோலியம் எம்.டெக் முடிச்சவங்க பெரும்பாலும் கம்பெனிக்கு தான் போறாங்க, காலேஜுக்கு வர்ற ஆளே கம்மி, அப்படி இருக்கப்ப கூட்டத்த குறைக்கத்தான் பண்ணோம்னு சொன்னா எத்தன அப்ளிகேஷன் வந்துச்சுன்னு கோர்ட் கேக்கும். அந்த நம்பர்ல தான் உங்க கேஸே நிக்குது.

அந்த நம்பர ஆர்.டி.ஐ-ல (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) இன்னைக்கே கேளுங்க, எத்தன போஸ்ட், எத்தன அப்ளிகேஷன், பி.எச்.டி வேணும்னு முடிவு பண்ண மீட்டிங் மினிட்ஸ் எந்த தேதி. அந்த மீட்டிங் அப்ளை பண்ண கடைசி தேதிக்கு அப்புறம் நடந்திருந்தா உங்களுக்கு பெரிய பலம். ஆனா பதிலுக்கு 30 நாள் டைம் இருக்கு, உங்க இன்டர்வியூ அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும், அதனால அத எதிர்பாத்து உக்காராதீங்க. ரிஜிஸ்ட்ராருக்கு ஸ்பீடு போஸ்ட்லயும் ஈமெயில்லயும் ஒரு பக்கத்துல மனு கொடுங்க, ரெண்டு மூணு நாள்ல பதில் வரலேன்னா ஹைகோர்ட்ல அரசியல் சட்டத்தோட ஆர்டிகிள் 226-ல ரிட் மனு போட்டு, உங்கள தற்காலிகமா இன்டர்வியூல உக்கார விடணும், ரெக்கார்ட கோர்ட்ல தாக்கல் பண்ணணும்னு இடைக்கால உத்தரவு கேளுங்க. அரசு பல்கலைக்கழகம்ங்கறதால ரிட் நிக்கும், இதே பிரச்சினை தனியார் காலேஜ்னா வழி ரொம்ப குறுகலாயிடும்.

விளம்பரத்த முழுசா பிரின்ட் எடுங்க, அப்ளிகேஷன் கட்டுன ரசீது, லிஸ்ட் வந்த பக்கத்தோட ஸ்க்ரீன்ஷாட் தேதியோட எடுத்து வைங்க, இதெல்லாம் வெப்சைட்ல இருந்து காணாம போறது சகஜம். விளம்பரத்துக்கு கீழ சின்ன எழுத்துல "தகுதியை உயர்த்த பல்கலைக்கழகத்துக்கு உரிமை உண்டு"ன்னு ஏதாவது இருக்கான்னு பாருங்க, இருந்தா அத உங்க வக்கீல்கிட்ட முதல்லயே காட்டுங்க, எதிர்த்தரப்பு காட்டுற வரைக்கும் விடாதீங்க. முக்கியமா இன்டர்வியூ முடிஞ்சு ஆள் ஜாயின் பண்ற வரைக்கும் தள்ளிப்போடாதீங்க, அப்புறம் செலக்ட் ஆனவங்களையும் எதிர்மனுதாரரா சேக்கணும், வேலைல சேந்தவங்கள வெளிய அனுப்ப எந்த நீதிபதியும் ரொம்ப யோசிப்பாரு.