எஸ்டேட் ரோட்டில் ஓடும் ஜீப்புக்கு எந்த ஏர் ஃபில்டர்?

பண்ணைக்காடு பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்:

"அண்ணே, எங்களுக்குக் காபித் தோட்டம். வண்டி 2.5 லிட்டர் டீசல் மஹிந்திரா தார் சிஆர்டிஇ, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாரத்தில் பாதி நாள் தோட்டத்து மண் ரோட்டில் உர மூட்டையும் காபி மூட்டையும் ஏற்றிக்கொண்டு ஓடும், மீதி நாள் வத்தலக்குண்டு, கொடைக்கானல் என்று போய்வரும். ஒரு மெக்கானிக், பேப்பர் ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கழுவிப் போடும் காட்டன் ஃபில்டர் மாட்டு, மைலேஜும் பிக்கப்பும் ஏறும், ஆயுசுக்கும் அது ஒன்றே போதும் என்கிறார். இன்னொருவர், தூசிக்கு ஃபோம்தான் சரி என்கிறார். எதைப் போட? மலை ஏறும்போது கறுப்புப் புகை வேறு வருகிறது. அதற்கும் ஃபில்டர்தான் காரணமா?"

உங்கள் வண்டிக்குப் பேப்பர் ஃபில்டர்தான். கம்பெனி பார்ட் நம்பருக்குச் சரியாக உட்காருகிற நல்ல பேப்பர் ஃபில்டர் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். பேர் வாங்கிய காட்டன் ஃபில்டர் என்றால் பல ஆயிரம். அந்த மிச்சக் காசை ஃபில்டர் பெட்டியின் கிளிப், ரப்பர் ஹோஸ், கிளாம்ப் இவற்றுக்குச் செலவழியுங்கள். ஏனென்றால் மண் ரோட்டு வண்டிகளில் தூசி பெரும்பாலும் ஃபில்டரைத் துளைத்துக்கொண்டு போவதில்லை, ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போகிறது. அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஆனால் முதலில் காட்டன் கதையை முடித்துவிடலாம்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 2.5 லிட்டர் இன்ஜின் 2,500 ஆர்பிஎம்மில் ஓடினால், டர்போ (காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி) தள்ளுவதைச் சேர்க்காமலே, நிமிஷத்துக்கு 3,000 லிட்டருக்கு மேல் ஆகிறது, நீங்களே பெருக்கிப் பாருங்கள். மாசி, பங்குனியில் முன்னால் ஒரு லோடு ஜீப் போக, அது கிளப்பிவிடும் புழுதிக்குள்ளேயே நீங்கள் இரண்டாம் கியரில் ஏறிக்கொண்டிருந்தால் அந்த 3,000 லிட்டரும் புழுதிக் காற்றுதான். கண்ணுக்குத் தெரிகிற மணலை எந்த ஃபில்டரும் நிறுத்திவிடும், அதைப் பற்றிக் கவலை இல்லை. இன்ஜினைத் தின்பது 5 முதல் 20 மைக்ரான் வரை இருக்கும் பொடி (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான்). பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் லைனருக்கும் நடுவே இருக்கிற ஆயில் படலத்துக்குள் நுழைகிற அளவு அதுதான், அதில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் இரும்பைவிடக் கடினம், உள்ளே போனால் வால்வு தேய்க்கிற கிரைண்டிங் பேஸ்ட் மாதிரி வேலை செய்யும். முதலில் டர்போவின் கம்ப்ரசர் இறக்கையில் முனை மழுங்கும், அப்புறம் ரிங் தேயும், அப்புறம் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். அதற்குள் பெரிய செலவு வந்து வாசலில் நிற்கும்.

ஏர் ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு முறை இருக்கிறது. அளவெடுத்த தூசியை ஊதிவிட்டு எவ்வளவு பிடித்தது, எவ்வளவு தப்பியது, காற்றுக்கு எவ்வளவு தடை என்று பார்ப்பார்கள். நல்ல பேப்பர் இதில் 99 சதவீதத்தைத் தாண்டும். எண்ணெய் தடவிய காட்டன் பொதுவாக அதற்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும். ஒன்றிரண்டு சதவீதம்தானே என்று நினைக்காதீர்கள், தப்பிப் போகிற தூசியைக் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு ஒன்று 99.5 பிடிக்கிறது, இன்னொன்று 97 பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 100 கிராம் புழுதியில் ஒன்றில் அரை கிராம் உள்ளே போகும், மற்றதில் 3 கிராம். ஆறு மடங்கு. தார் ரோட்டில் மட்டும் ஓடுகிறவருக்கு இந்த வித்தியாசம் வாழ்நாளில் தெரியாமலே போகலாம். உங்களுக்குத் தெரியும்.

சரி, பிக்கப்? கம்பெனி ஃபில்டரையே இன்ஜின் முழு வேகத்தில் கேட்கும் காற்றுக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டுத்தான் செய்திருப்பார்கள். ரேஸ் வண்டி மாதிரி எப்போதும் உச்ச ஆர்பிஎம்மில் ஓட்டினால் காட்டனில் ஏதோ சொற்பம் கிடைக்கலாம், மூட்டை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் 1,800 ஆர்பிஎம்மில் ஏறுகிற வண்டிக்கு அங்கே ஒன்றும் இல்லை. மைலேஜ் கதையும் அப்படித்தான். 2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் சோதித்தபோது, இன்ஜெக்ஷன் வைத்த பெட்ரோல் கார்களில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்தும் மைலேஜில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை, வேகம் எடுப்பதுதான் மந்தமானது. அடைத்தாலே அவ்வளவுதான் என்றால், நல்ல நிலையில் இருக்கிற பேப்பரை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டு மைலேஜ் எங்கிருந்து வரும்? டீசலில் ஃபில்டர் நன்றாக அடைத்தால் புகையும் புல்லிங் குறைவும் வரும், அது உண்மை. அதற்கு மருந்து புது பேப்பர்.

காட்டனில் இன்னொரு தொல்லை, எண்ணெய். காமன்ரெயில் டீசல்களில் (உங்கள் சிஆர்டிஇயும் அந்த வகைதான்) பெரும்பாலும் ஃபில்டருக்குப் பின்னால் ஒரு ஏர் ஃப்ளோ சென்சார் உட்கார்ந்திருக்கும். கழுவிக் காயவைத்து எண்ணெய் தடவும்போது கை கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டால் அந்த எண்ணெய் காற்றோடு போய் சென்சாரில் படியும், அது தப்பான அளவைச் சொல்லும், வண்டி தடுமாறும். கஞ்சத்தனமாகத் தடவினால் தூசி தாராளமாக உள்ளே போகும். காயவைப்பதும் லேசு இல்லை. வெந்நீர், கம்ப்ரசர், அடுப்புச் சூடு எதுவும் கூடாது, தானாகக் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊரில் துணியே காயாது, ஃபில்டர் காயும்வரை வண்டியை நிறுத்தி வைப்பீர்களா? "ஆயுசுக்கும் ஒன்றே போதும்" என்று விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார். மூடின பெட்டியையே எடுத்துவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டரை இன்ஜின் அறைக்குள் திறந்த மேனிக்கு மாட்டுகிறார்களே, அது இன்னும் மோசம், சூடான காற்றையும் சக்கரம் வாரி இறைக்கும் புழுதியையும் நேராகக் குடிக்கும்.

ஃபோம் கெட்டது இல்லை. மேல்பரப்பில் மட்டும் இல்லாமல் ஆழம் முழுக்கத் தூசியை வாங்கிக்கொள்ளும், அதனால்தான் டர்ட் பைக்குகளில் அதைப் போடுகிறார்கள். ஆனால் அவர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவி, பிசுபிசுப்பான தனி எண்ணெய் போட்டுப் பிசைந்து மாட்டுகிறவர்கள். மூட்டை இறக்கிவிட்டு ராத்திரி வீட்டுக்கு வருகிற உங்களுக்கு அது ஒத்துவராது, விடுங்கள்.

பக்கத்துத் தோட்டத்தில் பழைய மஹிந்திரா எம்எம்540 மாதிரி ஆயில் பாத் ஃபில்டர் வைத்த ஜீப் இருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. அடியில் இருக்கும் கிண்ணத்தில் கோடு வரைதான் ஆயில் ஊற்ற வேண்டும். கூடுதலாக ஊற்றி வண்டி செங்குத்தாகச் சாய்ந்தால் இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சிவிடும், டீசல் இன்ஜின் அதை எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுக்கு அடங்காமல் சுற்றும். கிண்ணத்தில் சேறு தடித்திருந்தால் கொட்டிவிட்டு, டீசலில் கழுவி, புது ஆயில் ஊற்றுங்கள்.

இப்போது பெட்டிக்கு வருவோம். ஃபில்டரைக் கழற்றியதும் அதைப் பார்க்காதீர்கள், அது அழுக்காகத்தான் இருக்கும், அதற்குத்தான் வைத்திருக்கிறது. ஃபில்டருக்கு அந்தப் பக்கம், இன்ஜினுக்குப் போகிற குழாயின் உள்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சுத்தமாக வந்தால் நிம்மதி. பழுப்பாகப் பொடி ஒட்டினால் ஃபில்டரின் ரப்பர் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். கசிகிற இடத்தில் விளிம்புக்குக் குறுக்கே கோலப்பொடி இழுத்தது போல மெல்லிய தூசிக் கோடு ஒன்று ஓடியிருக்கும். அதுதான் வழி. காரணம் பெரும்பாலும் சின்னது: ஒரு கிளிப் உடைந்து கயிற்றால் கட்டியிருப்பார்கள், மூடி வளைந்திருக்கும், இல்லை டூப்ளிகேட் ஃபில்டர் ஒரு மில்லிமீட்டர் சின்னதாக இருக்கும். பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸையும் மறக்காமல் வளைத்துப் பாருங்கள், நேராக இருக்கும்போது நல்லதாகத் தெரிகிற ஹோஸ் மடிப்புக்குள்ளே வெடித்திருக்கும். அந்த இடத்தில் ஓட்டை விழுந்தால் நீங்கள் எவ்வளவு விலை கொடுத்து என்ன ஃபில்டர் வாங்கினாலும் ஒன்றுதான், இன்ஜின் அந்த வழியாக ஃபில்டரே இல்லாமல் மூச்சு விடும். சில பெட்டிகளின் அடியில் தூசி கொட்டுவதற்கு ஒரு ரப்பர் வால்வு தொங்கும், அதை அடிக்கடி அமுக்கிவிடுங்கள், இறுகிப்போயிருந்தால் மாற்றுங்கள், பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டாதீர்கள்.

அப்புறம் எலி. தோட்டத்துக் கொட்டகையில் நாலு நாள் வண்டி நின்றால் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு கட்டிவிடும், பேப்பரைக் குதறி மெத்தை போட்டுக்கொள்ளும். மழைக்காலம் முடிந்து வண்டியை முதலில் எடுக்கும்போது ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

கடையில் வாங்கும்போது பெயரைவிடப் பொருளைப் பாருங்கள். பேப்பர் மடிப்புகள் சம இடைவெளியில் நிற்க வேண்டும், விரலால் தள்ளினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் கூடாது, விளிம்பு ரப்பர் அமுக்கினால் அமுங்கித் திரும்பி வர வேண்டும். பழையதைக் கையோடு கொண்டுபோய் உயரம், அகலம் ஒப்பிட்டு வாங்குங்கள். புதிதை மாட்டும்போது மூடியை மூட முட்டி போட்டு அழுத்த வேண்டியிருந்தாலும் தப்பு, ஆடினாலும் தப்பு.

பஞ்சர் கடையில் வாரா வாரம் காற்று அடித்துப் போடுகிற பழக்கம் மலையில் எல்லாரிடமும் இருக்கிறது. வேண்டாம். கொஞ்சம் தூசி படிந்த பேப்பர் புதுசைவிட நன்றாகவே வடிகட்டும், படிந்த தூசியே அடுத்த தூசியைப் பிடிக்கும். டயருக்கு அடிக்கிற அழுத்தத்தில் கிட்டத்தில் வைத்து ஊதினால் பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். ஊதியே ஆக வேண்டும் என்றால் 30 பிஎஸ்ஐக்குக் கீழே குறைத்து, தள்ளிப் பிடித்து, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்துக்கு ஊதுங்கள். டயரில் தட்டித் தூசி உதிர்ப்பதும் விளிம்பைக் கெடுக்கும். ஊதியபின் இருட்டில் செல்போன் டார்ச்சைப் பின்னால் வைத்துப் பாருங்கள், எங்காவது புள்ளியாக வெளிச்சம் குத்தினால் குப்பையில் போடுங்கள். மற்றபடி வண்டிப் புத்தகத்தில் தூசி ரோட்டுக்கு என்று குறைந்த கிலோமீட்டர் தனியாகக் கொடுத்திருப்பார்கள், அதை எடுத்துக்கொண்டு, மாட்டிய கிலோமீட்டரைப் பெட்டி மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

கொடைக்கானல் பனிமூட்டத்தில் ஓட்டுவதால் பேப்பர் ஊறிவிடுமே என்று பலர் கேட்கிறார்கள். மூட்டத்தால் அப்படி ஊறுவதில்லை. ஊறுவது வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீரைக் காற்று இழுக்கும் வாய்க்குள் பீய்ச்சும்போதும், ஓடையில் இறங்கும்போதும்தான். ஒருமுறை நனைந்து உப்பிய பேப்பரை வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டாதீர்கள், மடிப்பு நெளிந்துவிடும். ஸ்நார்க்கல் (காற்று இழுக்கும் வாயைக் கூரை உயரத்துக்குத் தூக்கும் குழாய்) ஓடைக்கும் உதவும், புழுதி மேகத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்து காற்றை எடுப்பதால் ஃபில்டருக்கும் உதவும், ஃபோர்ஸ் குர்கா ஜீப்பில் கம்பெனியே வைத்துத் தருகிறார்கள். ஆனால் வெளியில் வாங்கி மாட்டினால் ஒவ்வொரு இணைப்பும் இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அழகுக்குத்தான்.

கடைசியாகப் புகை. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். டர்போ ஓரளவு ஈடுகட்டினாலும் முழு மூட்டையோடு குறைந்த ஆர்பிஎம்மில் மிதித்தால் லேசாகக் கறுப்பு வரத்தான் செய்யும், எந்த ஃபில்டர் போட்டாலும் அது போகாது, ஒரு கியர் குறைத்தால் போகும். வத்தலக்குண்டு சமவெளியிலும் அதே புகை வந்தால் புது பேப்பர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் ஃபில்டரை விட்டுவிட்டு, டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸில் ஆயில் கசிந்த ஈரம் இருக்கிறதா பாருங்கள், மிதிக்கும்போது உஸ் என்று காற்று பீறும் சத்தம் வருகிறதா என்று இன்னொருவரைக் கேட்கச் சொல்லுங்கள், அதற்கு அடுத்தபடி இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பிவிடுவது), இன்ஜெக்டர். செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதால் அடுத்த ஆயில் சர்வீஸில் பழைய ஆயிலில் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பிச் சிலிக்கான் (புழுதி உள்ளே போனதற்கு அடையாளம்) அளவு பார்க்கச் சொன்னால், இதற்கு முன் வைத்திருந்தவர் எவ்வளவு புழுதி குடிக்கவிட்டார் என்பதற்கு இல்லாவிட்டாலும், இப்போது உங்கள் பெட்டி கசிகிறதா இல்லையா என்பதற்கு எழுத்திலேயே பதில் கிடைக்கும்.