வேலை செய்யுமிடமே பயிற்சிக்கூடம்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. அறிவுசார் குறைபாடு 60 சதவீதம் என்று சான்றிதழ் இருக்கிறது. திருச்சியில் ஒரு சிறப்புப் பள்ளியின் தொழிற்பயிற்சிப் பிரிவில் இரண்டு வருடமாகப் பேப்பர் கவர் ஒட்டுகிறாள். வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்டால் "இன்னும் ரெடியாகலம்மா" என்கிறார்கள். கணவர் தபால் துறையில் ஓய்வு பெற்றவர். அவள் சம்பாதிக்கத் தொடங்கினால் பிற்காலத்தில் குடும்ப ஓய்வூதியம் கிடைக்காது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். அரசு வேலைக்கு வழி உண்டா?

பதில்: ஓய்வூதியத்தை முதலில் பேசிவிடுவோம், அம்மா. பல வீடுகளில் பிள்ளையை வாசல் தாண்ட விடாமல் வைத்திருப்பது இந்தப் பயம்தான்.

மத்திய அரசு விதிப்படி, தானே சம்பாதித்துப் பிழைக்க முடியாத குறைபாடுள்ள மகளுக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இதற்கான வருமான வரம்பை 2021-இல் தளர்த்தினார்கள். அவளுடைய மற்ற வருமானம், அவளுக்குச் சேர வேண்டிய சாதாரண குடும்ப ஓய்வூதியத்தைவிடக் குறைவாக இருந்தால் போதும். அதாவது அப்பாவின் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்குரிய அகவிலை நிவாரணமும். கடைசிச் சம்பளம் 50,000 ரூபாய் என்றால் வரம்பு 15,000 ரூபாயும் அகவிலை நிவாரணமும். பகுதி நேர வேலைச் சம்பளம் அந்தக் கோட்டைத் தொடுவது அரிது. உங்கள் கணவர் இருக்கும்போதே ஓய்வூதிய ஆணையில் மகளின் பெயரைச் சேர்க்க விண்ணப்பித்துவிடுங்கள். பிறகு அலைவதைவிட இப்போது ஒரு மனு எளிது.

அரசு வேலை பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத இடஒதுக்கீடு தந்தது. அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லோருக்கும் சேர்த்து 1 சதவீதம். கற்றல் குறைபாட்டோடு பட்டம் முடித்தவரும் உங்கள் மகளும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே போட்டி கடினம். இருந்தாலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையைச் சரிபார்த்து, வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் பதிந்து வையுங்கள். முடிந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இணையான அடிப்படைக் கல்விச் சான்றிதழுக்கும் முயலுங்கள். ஆனால் அந்த ஒரு சதவீதத்தை நம்பி வருடங்களைக் கழிக்க வேண்டாம்.

இனி அந்த "ரெடியாகல" விஷயம். கவர் ஒட்டுவதில் எத்தனை கெட்டிக்காரியானாலும், கடையில் அலமாரி அடுக்க அது அவளைத் தயார்செய்யாது. ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் இந்தப் பிள்ளைகளுக்குக் கடினம். அதனால்தான் உலகின் பல இடங்களில் வரிசையைத் திருப்பிப் போட்டார்கள்: முதலில் வேலையில் சேர்ப்பது, பயிற்சியை அங்கேயே கொடுப்பது. அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 1996-இல் இப்படித் தொடங்கினார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் பொருள் நிரப்பும் வேலைக்கு ஆட்கள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அந்த இடத்துக்கு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை எடுத்துப் பார்க்கலாமே என்று அங்கிருந்த செவிலியர் தலைவி நினைத்தார். இன்று அந்தத் திட்டம் பல நாடுகளில் நடக்கிறது. நம் நாட்டிலும் லெமன் ட்ரீ ஓட்டல்களில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் உணவகப் பணியில் இருக்கிறார்கள்.

இப்படி வேலையிடத்திலேயே கூட நின்று கற்றுக்கொடுக்க ஓர் ஆள் தேவை. ஜாப் கோச் என்பார்கள். சிறப்பாசிரியரோ, தொண்டு நிறுவன ஊழியரோ இருக்கலாம். பெற்றோர் வேண்டாம், நீங்கள் பக்கத்தில் நின்றால் எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடுவீர்கள். அவர் முதலில் அந்த வேலையைத் தானே செய்து பார்க்க வேண்டும். பிறகு துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் "பிஸ்கட் அடுக்கு" என்பது ஒரு வேலை இல்லை, ஆறு வேலை: பெட்டியைத் திற, தேதியைப் பார், பழைய பாக்கெட்டை முன்னால் இழு, புதியதைப் பின்னால் வை, பெயர் தெரியும்படி திருப்பு, காலிப் பெட்டியை மடி. ஒவ்வொன்றுக்கும் படம் ஒட்டிய ஓர் அட்டை. எந்தப் படியில் தடுமாறுகிறாளோ அங்கே மட்டும் கை கொடுத்து, வாரம் வாரம் கொஞ்சம் கொஞ்சமாக விலக வேண்டும். கடைசியில் கூட வேலை பார்க்கும் ஓர் அக்கா போதும் என்ற நிலைக்கு வந்துவிட வேண்டும். பயிற்சிப் பிரிவிடம் "ரெடியா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "முதல் மாதம் கூட வர உங்களில் ஒருவரை அனுப்புவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

எந்த வேலை? வீட்டில் யாரும் சொல்லாமல் அவள் எதைச் செய்கிறாள் என்று கவனியுங்கள். துணி மடிக்கிறாளா, பாத்திரத்தை அளவுவாரியாக அடுக்குகிறாளா? சத்தம் கேட்டால் ஒதுங்குகிறாளா, ஆட்களைக் கண்டால் உற்சாகமாகிறாளா? துணி மடிப்பவளுக்கு ஓட்டல் சலவைப் பிரிவு பொருந்தலாம். ஆட்களை நேசிப்பவளைக் கிடங்குக்குள் உட்கார வைத்தால் ஒரே மாதத்தில் வாடிவிடுவாள். மெழுகுவத்தி, பினாயில் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பட்டியலை நீட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

வீட்டுப் பாடம் உங்களுடையது. அலாரம் அடித்ததும் தானே எழுவது, ஒரே வழித்தடப் பேருந்தில் போய் வருவது, கழிப்பறை எங்கே என்று கேட்பது, போனில் உங்களை அழைப்பது. பெண் பிள்ளை என்பதால் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: யாராவது தொட்டால் "வேணாம்" என்று சத்தமாகச் சொல்லவும், அன்றே வீட்டில் சொல்லவும் பழக்க வேண்டும். வேலையிடத்தில் அவள் யாரிடம் போய்ச் சொல்லலாம் என்பதை முதல் நாளே ஆளைக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்பளம் கேட்கத் தயங்காதீர்கள். "வீட்டில் சும்மா இருப்பதற்கு இங்கே வரட்டுமே" என்பவர்களிடம் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியைப் பேசுங்கள். சம்பளமில்லாப் பயிற்சி என்றால் எத்தனை வாரம் என்று எழுதி வாங்குங்கள். பணம் அவள் பெயரில் உள்ள கணக்கில் விழட்டும். தனியார் நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளுக்கான சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எச்.ஆர். அறையில் அதைக் கேட்டாலே பேச்சின் தொனி மாறும்.

முதல் வேலை சில மாதங்களில் நின்றுபோகலாம். அப்போது வேகம் போதவில்லையா, சத்தம் தாங்கவில்லையா, மேற்பார்வையாளர் மாறியதா என்று மேலாளரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை அடுத்த இடத்தின் மேலாளரிடம் சேரும் நாளிலேயே கொடுத்துவிடுங்கள்.