வாடகை வீடு கேள்வி-பதில்: வாயால் சொன்னது கணக்கில் வராது

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி, ஓனர் நேரடியாகப் பார்த்துக்கொள்ளாமல் மேனேஜ்மென்ட் கம்பெனியிடம் விட்டிருக்கும் வீடுகளைப் பற்றியவை. அப்படிப்பட்ட கம்பெனிகளில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்குப் பணம் கொடுப்பவர் ஓனர், பெரும்பாலும் மாத வாடகையில் இத்தனை சதவீதம் என்று. மேனேஜர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கணக்கு சொல்ல வேண்டியது ஓனருக்குத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி: குழாய் சொட்டுகிறது. மூன்று முறை புகார் பதிந்தேன், மூன்று முறையும் யாரும் வராமலே ‘முடிந்தது’ என்று மூடிவிட்டார்கள்.

நான்காவதாகப் புதுப் புகார் பதியாதீர்கள். புதிதாகப் பதிந்தால் கம்பெனியின் கணக்கில் அது இன்றைக்கு வந்த புகார், பழைய மூன்றும் நல்லபடியாக முடிந்தவை. முடிந்த புகாரையே மறுபடி திறக்கச் சொல்லுங்கள். அதற்கு வழியில்லை என்றால் பழைய மூன்று எண்களையும் தேதியோடு முதல் வரியில் போட்டு மெயில் அனுப்புங்கள்.

அப்புறம், ‘சொட்டுகிறது’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் அதை வரிசையில் கடைசியில் வைப்பார். குழாய்க்கு அடியில் ஒரு அளவுக் குவளையை வைத்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சேர்கிறது என்று பாருங்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலே ஒரு நாளைக்கு 20, 30 லிட்டர் போகும், வருடத்துக்குப் பத்தாயிரம் லிட்டர். அந்த எண்ணைக் கடிதத்தில் போட்டு, தண்ணீர் பில் யார் பெயரில் வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பில் ஓனர் பெயரில் வருகிறது என்றால் பிளம்பர் சீக்கிரம் வருவார்.

கேள்வி: ரிப்பேர் செய்யும்வரை வாடகையை நிறுத்தி வைக்கலாமா?

வேண்டாம். சில ஊர்களில் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது, ஆனால் அதற்கென்று நோட்டீஸ், கெடு, சில இடங்களில் பணத்தை வேறு இடத்தில் கட்டுவது என்று முறை இருக்கிறது. அது தெரியாமல் நீங்களாக நிறுத்தினால், குழாய் ரிப்பேர் விவகாரம் வாடகை பாக்கி விவகாரமாக மாறிவிடும், தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும்.

கேள்வி: படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. நாங்கள் ஜன்னலைத் திறப்பதில்லை, துணியை உள்ளே காயப்போடுகிறோம், அதனால்தான் என்கிறது கம்பெனி. நாங்கள் என்ன செய்வது?

முதலில் துணியை உள்ளே காயப்போடுகிறீர்களா இல்லையா? அதைக் கடிதத்தில் எழுதவே இல்லை. ஒரு மெஷின் துணி காயும்போது இரண்டு லிட்டர் வரை தண்ணீர் காற்றில் கலக்கிறது. கம்பெனி சொல்வது பாதி உண்மையாகவும் இருக்கலாம், அதைத் தெரிந்துகொள்ளாமல் சண்டைக்குப் போகாதீர்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஓதம் தெரியும் இடத்தில் சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு சாண் அகல அலுமினியத் தாளை நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம், முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் அறைக் காற்றிலிருந்து வருகிறது. பிரித்துப் பார்க்கும்போது சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. குழாய்க் கசிவு, வெளிச்சுவர் விரிசல், மேல்மாடிக் குளியலறை என்று ஏதோ ஒன்று. அதற்கு நீங்கள் எத்தனை ஜன்னலைத் திறந்தாலும் பயனில்லை. ஒட்டும்போது ஒரு படம், பிரிக்கும்போது ஒரு வீடியோ எடுத்து, இரண்டையும் மெயிலில் அனுப்புங்கள்.

கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். வீட்டுக்குள் 60 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். எங்கேயாவது தண்ணீர் கொட்டி நனைந்தால் ஒன்றிரண்டு நாளுக்குள் காயவைத்துவிட வேண்டும், அதைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் கசிவுப் புகாரில் ‘தண்ணீர் வந்தது எப்போது, ஆள் வந்தது எப்போது’ என்ற இரண்டு நேரமும் கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: நான் இல்லாதபோது மாற்றுச் சாவியால் திறந்து உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சரியா?

தண்ணீர் கொட்டுகிறது, தீ, கேஸ் வாடை என்றால் சரி. மற்றபடி முன்கூட்டி எழுத்தில் சொல்ல வேண்டும். பல இடங்களில் 24 மணி நேரம்தான் அளவு. அக்ரிமென்டில் என்ன நேரம் போட்டிருக்கிறது என்று பார்த்து, அந்தப் பத்தியைக் குறிப்பிட்டு மெயில் போடுங்கள். கதவில் நின்று சத்தம் போட்டால் அது எங்கேயும் பதிவாகாது.

கேள்வி: அக்ரிமென்ட் பிரதி என்னிடம் இல்லை. என் உரிமைகள் என்ன?

இன்றே மெயில் போட்டுப் பிரதி கேளுங்கள். அது கைக்கு வந்தபின் எழுதுங்கள். கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நானும் எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி: நான்கு வருடம் இருந்து காலி செய்தேன். பெயின்ட், கிளீனிங், ‘இதர சேதம்’ என்று மூன்று வரி எழுதி அட்வான்ஸில் முக்கால் பங்கைப் பிடித்துக்கொண்டார்கள். பில் எதுவும் தரவில்லை. நுழையும்போது படம் எதுவும் எடுக்கவில்லை.

இதே கடிதம் ஊர் மாறி, பெயர் மாறி எனக்கு வராத மாதமே இல்லை. படிக்கும்போது வயிறு எரிகிறது, ஏனென்றால் அந்த மூன்று வரி எப்படி எழுதப்படுகிறது என்று நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். காலி செய்தவரில் பத்துக்கு ஆறு பேர் ஒரு முறை போன் செய்து கத்திவிட்டு விட்டுவிடுவார்கள். எழுத்தில் பில் கேட்பவர்கள் ஒருவரோ இருவரோதான். கேட்டவருக்குப் பெரும்பாலும் ஏதாவது திரும்பிவிடும். அதனால் முதல் வேலை: ஒவ்வொரு வரிக்கும் என்ன சேதம், எந்த அறை, யார் சரி செய்தார், பில் எங்கே என்று தனித்தனியாகக் கேட்டு மெயில் அனுப்புங்கள். ‘இதர சேதம்’ என்பது ஒரு சேதத்தின் பெயர் அல்ல. எந்தக் குறைதீர்ப்பு மன்றத்துக்குப் போனாலும் அந்த வரி நிற்காது.

அடுத்தது தேய்மானம். நடந்து நடந்து தரை மங்குவதும், வெயில் பட்டுத் திரைச்சீலை வெளுப்பதும், சோபா இருந்த இடத்தில் சுவர் நிறம் மாறுவதும் சாதாரணத் தேய்மானம். வாடகை வாங்குவதே அதற்கும் சேர்த்துத்தான். சேதம் என்பது வேறு: உடைந்த கண்ணாடி, சிகரெட் சுட்ட ஓட்டை, குழந்தை மார்க்கரால் வரைந்த சுவர். சேதமே என்றாலும் முழுப் பணம் கேட்க முடியாது. பெயின்ட் ஐந்து வருடம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் குடிவந்தபோது புதிதாக அடித்தது, நான்கு வருடம் ஓடிவிட்டது. மிச்சம் ஒரு வருடம். அப்படியானால் உங்கள் பங்கு பில்லில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது, அதுவும் நீங்கள் கெடுத்த சுவருக்கு மட்டும், வீடு முழுவதற்கும் அல்ல. குடிவந்தபோதே பெயின்ட் பழசு என்றால் அதுவும் இல்லை. கடைசியாக எந்தத் தேதியில் பெயின்ட் அடித்தார்கள் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் வருவதே இல்லை.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். இங்கிலாந்தில் 2007 ஏப்ரலில் இருந்து இப்படிப்பட்ட அட்வான்ஸை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும், இப்போது அதற்குக் கெடு 30 நாள். ஜெர்மனியில் ஓனர் தன் பணத்தோடு கலக்காமல் தனியாக வைக்க வேண்டும், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. கலிபோர்னியாவில் காலி செய்து 21 நாளுக்குள் பிடித்தத்தின் பட்டியலோடு மிச்சத்தைத் தர வேண்டும். இந்தியாவின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைதான் உச்சம் என்கிறது, ஆனால் அது மாதிரிதான், மாநிலம் தன் சட்டமாக இயற்றினால்தான் செல்லும். உங்கள் இடத்தில் கெடு எத்தனை நாள் என்று பார்த்து, அந்த நாள் தாண்டியிருந்தால் அதையே கடிதத்தின் முதல் வரியாக எழுதுங்கள்.

இப்போது படம். நுழையும் அன்று படம் எடுக்காதது பெரிய தப்பு, அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. எத்தனை முறை எழுதினாலும் சாவி கைக்கு வந்த சந்தோஷத்தில் விட்டுவிடுகிறீர்கள். நான் குடியிருந்த வீடு ஒன்றைக் காலி செய்தபோது, பால்கனிக் கதவு ஓடும் கீழ்த் தண்டவாளம் நசுங்கியிருக்கிறது என்று பணம் பிடித்தார்கள். நான் நுழையும் முன்பே நசுங்கியிருந்தது அது. அறை மொத்தமும் தெரியும்படி எடுத்திருந்த நாற்பது படத்தில் அது எங்கேயும் தெரியவில்லை. குனிந்து, கை நீளத் தூரத்தில், பக்கத்தில் சாவியை வைத்து எடுத்திருந்த ஒரே ஒரு படத்தில் தெளிவாக இருந்தது, நசுங்கலுக்குள் படிந்திருந்த பழைய அழுக்கு உட்பட. அந்தப் படத்தை அனுப்பிய மறுவாரம் பணம் வந்தது. அதனால் ஒவ்வொரு அறைக்கும் தூரத்திலிருந்து இரண்டு, கிட்டத்திலிருந்து வேண்டிய மட்டும் எடுங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால், சிங்குக்கு அடியில், கதவின் மேல் விளிம்பு, ஜன்னல் சட்டம், மீட்டர் எண். எடுத்ததை அன்றே மெயிலில் இணைத்துக் கம்பெனிக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்த தேதி விவரமும் உதிர்ந்துவிடும்.

உங்கள் விஷயத்தில் படம் இல்லை என்பதால் ஆட்டம் முடிந்துவிடவில்லை. நுழையும்போது வீடு எப்படி இருந்தது என்று கம்பெனிதானே காட்ட வேண்டும்? சேதம் என்று பணம் பிடிப்பவர் அவர்கள். அவர்களின் நுழைவுப் பட்டியலைக் கேளுங்கள். அதில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா, எல்லாக் கட்டத்திலும் ஒரே மாதிரி ‘நன்று’ என்று டிக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தால் கஷ்டம்தான், ஆனாலும் தேய்மானக் கணக்கும் பில்லும் உங்கள் கையில் இருக்கின்றன. விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நாய் வளர்த்துக்கொள்ளலாம் என்று பழைய மேனேஜர் சொன்னார். இப்போது வந்திருப்பவர் அக்ரிமென்டில் இல்லை என்கிறார்.

இந்தக் கம்பெனிகளில் மேனேஜர்கள் அடிக்கடி மாறுவார்கள், போகும்போது அவர்கள் வாக்கும் கூடவே போய்விடும். யார் எதற்குச் சரி சொன்னாலும், அன்று மாலையே ‘இன்று நீங்கள் சொன்னபடி நாய் வைத்துக்கொள்கிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் தெரிவிக்கவும்’ என்று இரண்டு வரி மெயில் போட்டிருக்க வேண்டும். இனிமேலாவது போடுங்கள். இப்போதைக்கு, நாய் வந்த பிறகு நடந்த சோதனை அறிக்கைகளில் அதைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். பார்த்தும் ஆட்சேபிக்காமல் விட்டிருந்தால் பேச இடம் இருக்கிறது.

கேள்வி: ஒன்றாம் தேதி கட்டிவிட்டேன். மூன்றாம் தேதிதான் வந்து சேர்ந்தது என்று அபராதம் போடுகிறார்கள்.

அக்ரிமென்டில் ‘செலுத்தும் தேதி’ என்று இருக்கிறதா, ‘வரவாகும் தேதி’ என்று இருக்கிறதா? முதலாவது என்றால் வங்கிப் பரிமாற்ற எண்ணை அனுப்பி அபராதத்தை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது என்றால் கட்டிவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து நாலு நாள் முன்னதாகப் போடுங்கள்.

கேள்வி: ‘கம்பெனி மாறிவிட்டது, இனி வாடகையை இந்தக் கணக்கில் போடுங்கள்’ என்று மெயில் வந்திருக்கிறது. போடலாமா?

உடனே போடாதீர்கள்! மோசடிக்காரர்களும் இதே மாதிரிதான் மெயில் அனுப்புவார்கள். அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடாமல், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய கம்பெனி எண்ணுக்கோ ஓனருக்கோ கூப்பிட்டுக் கேளுங்கள். உண்மை என்றாலும் ஓனர் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். உங்கள் அட்வான்ஸ் புதிய கம்பெனியிடம் போய்ச் சேர்ந்துவிட்டதா என்பதையும் அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். இதைக் கேட்காமல் விட்டவர்கள் காலி செய்யும்போது இரண்டு கம்பெனிக்கும் நடுவில் அலைகிறார்கள்.

கேள்வி: ஒரு கம்பெனியின் வீட்டை வாடகைக்கு எடுக்க நினைக்கிறேன். நெட்டில் சிலர் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள், சிலர் ஒன்று. எதை நம்புவது?

குடிவந்த வாரத்தில் எழுதியதை ஒதுக்குங்கள், அது வீட்டைச் சுற்றிக் காட்டிய ஆளுக்குக் கிடைத்த மார்க். காலி செய்தபின் எழுதியவற்றை மட்டும் பாருங்கள். அட்வான்ஸ் என்னவாயிற்று, எத்தனை நாளில் வந்தது என்று அதில்தான் இருக்கும். அதையும்விட நல்லது, வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில் அந்தக் கட்டடத்துக்குப் போய் நில்லுங்கள். லிஃப்டில் வரும் இரண்டு பேரிடம், கடைசியாக எப்போது பிளம்பரைக் கூப்பிட்டீர்கள், எத்தனை நாளில் வந்தார் என்று கேளுங்கள்.